கழுவக் கழுவப் போகாத கறை

அரசனைக் கொன்று அரசு பறித்தவன் கதை உலக இலக்கியத்திற்குப் புதிதன்று. ஆயினும், கொலைஞன்மீது வெறுப்போடு இரக்கமும் நமக்குப் பிறக்குமாறு அக்கதையைச் சொல்லுதல் யாவர்க்கும் எளிதன்று. ஷேக்ஸ்பியர் 1606ஆம் ஆண்டளவில் இயற்றிய 'மக்பெத்' என்னும் அவல நாடகம் அவ்வரிய செயலைச் செய்கின்றது. பள்ளியிற் பாடமாகப் படித்துப் பரீட்சையோடு அதனை மறந்தவர் பலர். அன்னாரும், இனிப் படிக்கவிருக்கும் மாணவரும் இவ்வாரம் நம்மோடிருந்து அந்நாடகத்தைச் சிறிது எண்ணிப் பார்ப்பார்களாக.

கதை சுருங்கியது. ஸ்கொத்லாந்து மன்னன் டங்கனுக்கு உறவினனும் படைத்தலைவனுமாகிய மக்பெத், பகைவரை வென்று நண்பன் பாங்குவோவுடன் திரும்புகின்றான். வழியிலே மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்பட்டு, அவன் கோடர் என்னும் நாட்டின் பிரபுவாவான் என்றும், பின்னர் மன்னனாவான் என்றும் கூறுகின்றனர். முதல் வாக்கு உடனே பலிக்கின்றது. இரண்டாவதைத் தானே பலிக்கச் செய்ய அவன் முற்படுகின்றான். தன் கோட்டைக்கு விருந்தினனாக வந்து துயிலும் மன்னனை, மனைவியும் தூண்ட, நள்ளிரவிற் குத்திக் கொல்லுகின்றான். பின் நிகழ்வன யாவும் அவ்வோர் இரவின் விளைவுகளே.

யார் குற்றவாளி?

இக்கதையைக் கேட்போர் பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்றைச் சொல்வர். சூனியக்காரிகளின் வாக்கே அவனைக் கெடுத்தது என்பர் சிலர். மனைவியே கெடுத்தாள் என்பர் வேறு சிலர். இரண்டும் முழு உண்மையல்ல என்பது நம் கருத்து.

சூனியக்காரிகள் 'நீ மன்னனாவாய்' என்றனரேயன்றி, 'மன்னனைக் கொல்வாய்' என்று ஓரிடத்தும் கூறவில்லை. அதே வேளையில், அதே இடத்தில், பாங்குவோவும் ஒரு வாக்குக் கேட்டான். அவன் வழித்தோன்றல்கள் மன்னராவர் என்பது அது. அவன் நெஞ்சிலும் ஆசை எழாமலில்லை. உறக்கத்தில் வரும் தீய நினைவுகளைத் தடுத்தருளுமாறு தெய்வத்தை வேண்டுகின்றான். ஆனால் அவன் கை வாளை நாடவில்லை. விதை இரண்டு நிலத்திலும் விழுந்தது, முளைத்தது ஒன்றிலேதான்.

இனி, மனைவியை நோக்குவோம். அவள் கணவனின் ஆண்மையை இகழ்ந்து அவனைத் தூண்டினாள் என்பது மெய்யே. எனினும், அவளைச் சந்திப்பதற்கு முன்னரே, சூனியக்காரிகளைக் கண்ட அந்த வெளியிலேயே, கொலையின் உருவம் அவன் மனத்தில் எழுந்து அவனை நடுங்கச் செய்துவிட்டது. பின்னர், மன்னன் விருந்துண்ணும் நேரத்தில் அவன் தனியே ஒதுங்கித் தனக்குள் வழக்காடுகின்றான். டங்கன் தன் உறவினன், தன் அரசன், தன் விருந்தினன், குடிகள் போற்றும் நல்லவன் என்று எண்ணுகின்றான். கொல்லாமைக்கு இத்தனை காரணம். கொல்வதற்கோ பதவி வேட்கை ஒன்றே காரணம் என்று தானே ஒப்புக்கொள்ளுகின்றான். ஒப்புக்கொண்ட பின்னரும் செய்கின்றான். அறியாது செய்தவனுக்கு அறிவு பிறந்தால் ஆறுதலுண்டு. அறிந்தே செய்தவனுக்கு அவ்வறிவே தண்டனையாகின்றது. இந்நாடகத்தின் அவலம் இங்கேதான் உளது.

வரலாறும் நாடகமும்

ஆசிரியர் இதனை வேண்டுமென்றே அமைத்தார் என்பதற்குச் சான்றுண்டு. மெய்யான வரலாற்றில் டங்கன் 1040ஆம் ஆண்டிலே போரில் மடிந்தான். அவன் துயிலுகையிற் கொல்லப்படவில்லை. மக்பெத் 1057 வரை பதினேழு ஆண்டுகள் ஆண்டான். இடையே 1050இல் உரோமாபுரிக்கு யாத்திரையும் போய்வந்தான். ஷேக்ஸ்பியருக்குக் கதைப்பொருள் தந்தது 1577இல் முதன்முதலாக வெளிவந்த ஹொலின்ஷெட்டின் வரலாற்று நூல். அந்நூலிலே டங்கன் ஆளும் திறத்திற் குறையுடையவன். பாங்குவோ கொலைக்கு உடந்தையானவன். ஆசிரியர் டங்கனை முதியவனாக்கினார். குறை மறைத்து நிறை கூட்டினார். அதே நூலில், டஃப் என்னும் வேறொரு மன்னனை, கோட்டைத் தலைவனாகிய டொன்வால்டு மனைவியின் சொற்கேட்டுத் துயிலிடையே கொல்வித்த கதையுண்டு. அதனை எடுத்து மக்பெத்தின் கதையோடு பிணைத்தார். மக்பெத்துக்குச் சாக்குப்போக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லாது எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டார் என்க.

பாங்குவோவைத் தூயவனாக்கியதற்கு அரசியற் காரணமும் உண்டு. 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஜேம்ஸ் மன்னரின் குலத்துக்குப் பாங்குவோ முன்னோன் என்று அக்காலத்தார் நம்பினர். அவன் கற்பனைப் பாத்திரம் என்பதே இன்றைய ஆராய்ச்சியாளர் முடிவு. ஜேம்ஸ் மன்னரையும் பாராளுமன்றத்தையும் வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் செய்த சதி 1605இல் வெளிப்பட்டது. ஆகவே, அரசக் கொலை என்பது அந்நாடகத்தை முதலிற் கண்டோர்க்குப் பழங்கதையாக மட்டும் தோன்றியிராது.

இரத்தமும் உறக்கமும்

நிற்க. இந்நாடகத்தின் குறியீடுகளைப் பற்றி மாணவர்கள் பலவாறு எழுதுவர். இரத்தம் குற்றத்தைக் குறிக்கும், இருள் தீமையைக் குறிக்கும், உறக்கம் மன அமைதியைக் குறிக்கும் என்று பட்டியலிட்டுவிட்டு அமைவர். பட்டியல் பிழையன்று. ஆனால், ஒரு குறியீடு யாரிடமிருந்து யாரிடம் செல்கின்றது என்று காண்பதே சிறப்பு.

கொலை முடிந்தவுடன் மக்பெத் தன் கைகளைப் பார்த்து அஞ்சுகின்றான். கடல்நீர் முழுதும் இக்கறையைப் போக்காது, இக்கையே கடலைச் சிவப்பாக்கிவிடும் என்று அவனுக்குத் தோன்றுகின்றது. அவன் மனைவியோ சிறிது தண்ணீர் போதும் என்கின்றாள். இனி உறக்கமில்லை என்றொரு குரல் அவன் செவியில் ஒலிக்கின்றது. அவளுக்கு அக்குரல் கேட்கவில்லை.

ஐந்தாம் அங்கத்திலே நிலைமை தலைகீழாகின்றது. தண்ணீர் போதும் என்றவள் உறக்கத்தில் எழுந்து நடக்கின்றாள். இல்லாத கறையைக் கால்மணி நேரமாகக் கைகளிலிருந்து தேய்க்கின்றாள். அரபு நாட்டு வாசனைத் திரவியங்களாலும் அவ்விரத்த வாடை நீங்காதென்று வருந்துகின்றாள். அன்று இருளைக் கூவி அழைத்தவளின் அருகில் இன்று விளக்கு எந்நேரமும் எரியவேண்டும். மருத்துவர் இந்நோய்க்குத் தம்மிடம் மருந்தில்லையென்று கைவிடுகின்றார். கடலும் கழுவாதென்று அஞ்சிய கணவனோ, இரத்த வெள்ளத்தில் நெடுந்தூரம் இறங்கிவிட்டோம், மீளுவதும் கடப்பதும் ஒன்றே என்று கருதி, பாங்குவோவைக் கொல்வித்ததன் மேலும் மக்டஃபின் மனைவி மக்களையும் கொல்விக்கின்றான். முடிவில், பெண்டிர் அலறும் ஒலி கேட்டும் அச்சம் பிறவாத மரக்கட்டையாகின்றான். அவனுடைய மனச்சாட்சி இறக்க, அவளுடையது விழித்தது.

நம் குடும்பத்து வாசகர்கள் கருதத்தக்க செய்தி மற்றொன்றுண்டு. தொடக்கத்தில் இவ்விருவரும் ஒருவரிலொருவர் மிகுந்த அன்புடைய தம்பதியர். தன் பெருமையிற் பங்குடையவள் என்று அவளுக்குக் கடிதம் வரைகின்றான் அவன். ஆனால், பாங்குவோவைக் கொல்லத் திட்டமிடுகையில் அவளிடம் அதனை மறைக்கின்றான். ஆவி தோன்றி விருந்து குலைந்த அவ்விரவுக்குப் பின்னர் இருவரையும் மேடையில் நாம் ஒருங்கே காண்பதேயில்லை. இருவரும் கூடிச் செய்த குற்றமே இருவரையும் பிரித்துவிட்டது. அவள் இறந்த செய்தி வந்தபோது அழுவதற்கும் அவனிடம் நெஞ்சம் மிஞ்சவில்லை. வாழ்க்கையே பொருளற்றதாய்த் தோன்றுகின்றது.

அவன் நாடியது முடி, அது கிடைத்தது. போனவை உறக்கம், நட்பு, மனைவி, முதுமையில் ஒருவனுக்கு வரவேண்டிய நன்மதிப்பு ஆகியன. போரிலே மக்டஃப் அவன் தலையைக் கொய்யும் முன்னரே அவன் எல்லாம் இழந்தவனாயினான்.

உயர விரும்புதல் பாவமன்று. பரீட்சையில் முதன்மை பெற விழையும் மாணவனும், பதவியில் உயர விழையும் தந்தையும் அவ்வேட்கையாலேயே முயல்கின்றனர். ஆனால், அடுத்த படியில் வேறொருவர் நிற்கக் கண்டு, 'இவரைத் தள்ளிவிட்டு ஏறலாமே' என்று மனம் கூறும் வேளை ஒன்று எவர்க்கும் வரும். 'வேண்டாம்' என்னும் மற்றொரு குரலும் அப்பொழுது உள்ளே எழும். மக்பெத்தும் அக்குரலைக் கேட்டான்; தெளிவாகவே கேட்டான். கேட்டது போதாது, அதற்குப் பணிதல் வேண்டும் என்பதையே அவன் கதை நமக்கு உணர்த்துகின்றது.