வாசகர் கேள்வி: வயலில் வீடு கட்டலாமா?

தெங்கம்புதூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். மாமனார் பெயரில் 32 சென்ட் வயல். மாமனார் இறந்து நாலு வருடம் ஆகிறது. கணவரும் கொழுந்தனாரும் வாய்ப்பேச்சில் ஆளுக்குப் பாதி என்று பிரித்து அனுபவிக்கிறார்கள். கொழுந்தனார் பங்கில் இன்றும் கன்னிப்பூவும் கும்பப்பூவும் தவறாமல் நடக்கிறது. இவர்கள் பங்கில் ரோட்டோரம் 6 சென்டை நிரப்பி வீடு கட்ட நினைக்கிறார்கள். "முதலில் மண்ணைக் கொட்டுங்கள், பிளான் அப்ரூவல் பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார் காண்ட்ராக்டர். அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் கடன் கிடையாது என்கிறது வங்கி. மண் கொட்டினால் தன் வயலுக்குத் தண்ணீர் வராது என்று கொழுந்தனார் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

வங்கி சொல்வதுதான் சரி. மண் கடைசியில்தான் வர வேண்டும். அனுமதி கிடைக்காமல் போனால் வீடும் இல்லை, வயலும் இல்லை. செம்மண்ணும் சரளையும் கொட்டிய இடத்தை மறுபடி நெல் வயலாக்குவது லேசான வேலையல்ல. உழவு மட்டத்துக்குக் கீழே தண்ணீரை நிறுத்தி வைக்கும் இறுகிய அடுக்கு, பல தலைமுறை தொளி உழவில் உண்டானது. லாரி ஏறி இறங்கிய இடத்தில் அது போய்விடும். போதாததற்கு, மண் லாரிக்குக் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு வேண்டும். அது இல்லாமல் வரும் மண்ணுக்கு லாரிக்காரரோடு நிலத்துக்காரரும் பதில் சொல்ல நேரும்.

முதல் வேலை பட்டா. அது இன்னும் மாமனார் பெயரிலேயே இருக்கிறது. வாய்ப்பேச்சுப் பாகத்தை எந்த அலுவலகமும் ஏற்காது. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கி, வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். கடிதத்தில் நாத்தனார்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பெண் மக்கள் இருந்தால் அவர்களும் வாரிசுகள்தான். பங்கு வேண்டாம் என்றால் அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். குடும்பத்தாருக்குள் எழுதும் பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மென்ட் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் இவற்றின் உச்சவரம்பு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும் ஆகும். பத்திரம் முடிந்த கையோடு உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, நில அளவர் வந்து கல் போட்டு, தனிப் பட்டாவும் புல வரைபடமும் கையில் வர வேண்டும். கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு வீட்டு அனுமதிக்குப் போனால் மற்ற பங்குதாரர் ஒருவர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தாலே காரியம் நின்றுபோகும்.

அடுத்தது நிலத்தின் வகை. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வயலில் தென்னை வைத்து முப்பது வருடம் ஆகிவிட்டது, இனி அது விளைதானே என்று நினைப்பார்கள். மரத்தைப் பார்த்து வகை மாறாது. 'அ' பதிவேட்டில் நன்செய் என்று இருந்தால் அரசுக் கணக்கில் அது நன்செய்தான். வாழை வைத்தாலும் தரிசாகப் போட்டாலும் அதே கதை. பட்டாவிலும் 'அ' பதிவேட்டிலும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். தமிழக அரசின் இணையச் சேவையில் இரண்டும் கிடைக்கும். அருகிலுள்ள இ-சேவை மையத்தில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள்.

விவசாய நிலத்தை வீட்டுமனையாக்குவது 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. நகரத் திட்டப் பகுதிக்குள் இருந்தால், அந்தப் புல எண் குடியிருப்பு உபயோகத்தில் காட்டப்பட்டிருக்கிறதா, விவசாய உபயோகத்திலா என்பதே முதல் கேள்வி. நாகர்கோவிலில் உள்ள நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் புல எண்ணைக் கொடுத்துக் கேட்டால் தெரியும். திட்டப் பகுதிக்கு வெளியே என்றால் 2017-இல் வந்த தனி விதிகள் பொருந்தும். அதில் நன்செய்க்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும், வேளாண்மை இணை இயக்குநரின் கருத்தும் கேட்கப்படும். வேளாண்மைத் துறையிலிருந்து பார்க்க வருகிறவர்கள் வீட்டு வரைபடத்தைப் பார்ப்பதில்லை. தண்ணீர் எந்த மடையிலிருந்து வருகிறது, இந்த வயலைத் தாண்டி யாருக்குப் போகிறது, சுற்றிலும் இன்னும் சாகுபடி நடக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். ஏலாவின் நடுவில் ஒரு வீடு வருவதும், ஏற்கெனவே மூன்று பக்கம் வீடாகிவிட்ட மூலையில் ஒன்று வருவதும் ஒரே கணக்கல்ல.

பக்கத்துக் கேரளத்தில் 2008-இல் நெல்வயலுக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். வேறு இடம் இல்லாத உரிமையாளர் சொந்த வீடு கட்ட ஊராட்சியில் 10 சென்ட், நகரத்தில் 5 சென்ட் வரை, உள்ளூர்க் குழு பார்த்துச் சொன்னால் விடலாம் என்று அதில் வைத்தார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் அந்தக் கணக்கை இங்கே சொல்லிக் குழப்பிக்கொள்வது உண்டு. அந்தச் சட்டம் இங்கே செல்லாது.

கடிதத்தில் இன்னொரு கேள்வி: விண்ணப்பம் பேரூராட்சியிலா, மாநகராட்சியிலா? நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. பிறகு தெங்கம்புதூர், ஆளூர் போன்ற பகுதிகளும் சேர்ந்து இப்போது 52 வார்டு. எனவே வயல் மாநகராட்சி எல்லைக்குள் வந்தால் விண்ணப்பம் அங்கேதான். எல்லைக்கு வெளியே ஊராட்சியில் இருந்தால் ஊராட்சி. எதுவானாலும் ஒற்றைச் சாளர இணையதளத்தின் வழியாகத்தான் போடுகிறார்கள். காலியிட வரி ரசீது கேட்பார்கள், அதையும் முன்கூட்டியே கட்டி வைத்துவிடுவது நல்லது.

இனி காண்ட்ராக்டர் சொன்ன "உடனடி அனுமதி" விஷயம். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். 2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறை நடைமுறையில் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டுக்கு இணையத்திலேயே உடனடியாக அனுமதி பெறலாம். பரிசீலனைக் கட்டணம் கிடையாது, கட்டி முடித்த பின் முடிவுச் சான்றும் வேண்டாம். சிறு குடும்பத்துக்கு நல்ல திட்டம். ஆனால் இடம் முதலில் மனையாக இருக்க வேண்டும். வயலை மனையாக்கித் தருவது அந்தத் திட்டத்தின் வேலை அல்ல. நன்செய்யை மறைத்து மனை என்று சான்று கொடுத்தால், பொறுப்பு கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். காண்ட்ராக்டர் தலையில் அல்ல.

இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 6 சென்ட் என்றால் 2,613 சதுர அடி. சுயசான்று வரம்பைவிட 113 சதுர அடி அதிகம்! இந்தக் கொஞ்சத்துக்காக வழக்கமான பரிசீலனை முறைக்குப் போக வேண்டிவரும். 5½ சென்ட் என்றால் 2,396 சதுர அடி, வரம்புக்குள் வந்துவிடும். மீதி அரை சென்டை என்ன செய்வது? மூன்றடி அகலத்தில் 72 அடி நீளம் என்றால் ஏறக்குறைய அரை சென்ட். கொழுந்தனார் வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலுக்கு அது போதும். பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே இந்த அரை சென்டைப் பொது நீர்வழி என்று தனியாக எழுதி, வரைபடத்தில் காட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடலாம். மனையும் வரம்புக்குள் வரும், அண்ணன் தம்பிக்குள் பேச்சும் வரும்.

கொழுந்தனார் கோபத்தில் நியாயம் உண்டு. இருபது வருடத்துக்கு மேல் தடையில்லாமல் அனுபவித்து வந்த நீர்வழிக்கு அனுபவப் பாத்தியதை உண்டு. அதை அடைத்தால் அவர் சிவில் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கலாம். அஸ்திவாரம் போட்ட பிறகு தடை வந்தால் கடன் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வாய்க்காலுக்குப் பதில் குழாய் பதித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். வண்டல் அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்ய முடியாத அளவுக்குச் சின்னக் குழாயை வீட்டுக்கு அடியில் பதிப்பதைவிடத் திறந்த வாய்க்கால் மேல். வயல் அனந்தனாறு போன்ற கால்வாயையோ குளத்தையோ ஒட்டி இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் கேட்கப்படும். சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. அவற்றின் கரையோரம் மனை வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எல்லா அனுமதியும் கிடைத்தாலும் வயல் வீட்டுக்குச் செலவு கூடுதல். களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். அஸ்திவாரத்தை விளை நிலத்தில் போடுவது போலப் போட முடியாது. மண் பரிசோதனை செய்து பொறியாளர் சொல்லும்படி போக வேண்டும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடத்தில் செப்டிக் டேங்க் கசிந்தால் கிணற்றில்தான் தெரியும். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெய்த மழையில் மாவட்டத்தின் தாழ்வான பகுதிகள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடி வந்தது. குடும்பத்துக்கு வேறு எங்காவது ஐந்து சென்ட் விளையோ நத்தமோ இருந்தால், அதில் வீட்டைக் கட்டிவிட்டு வயலை வயலாகவே வைத்துக்கொள்வதுதான் செலவிலும் மன நிம்மதியிலும் லாபம். இந்த வாசகி குடும்பத்துக்கு அப்படி இடம் உண்டா என்று கடிதத்தில் இல்லை. இருந்தால் இரண்டாம் யோசனை வேண்டாம்.

பூதப்பாண்டியிலிருந்து வந்த கடிதம் வேறு மாதிரி. வாசகர் பத்து வருடத்துக்கு முன் ஒரு தனி மனை வாங்கினார், அதற்கு அங்கீகாரம் இல்லை. அனுமதி கிடைக்குமா? பத்திரத் தேதியைப் பார்க்க வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவானது என்றால் 2017 வரன்முறை விதிகளில் வழி உண்டு. விண்ணப்பக் காலக்கெடுவை அரசு பலமுறை நீட்டித்திருக்கிறது, இப்போது திறந்திருக்கிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும். வரன்முறை உத்தரவு வந்த பிறகே வீட்டு அனுமதிக்குப் போக வேண்டும். அந்தத் தேதிக்குப் பின் வாங்கியிருந்தால், பத்திரத்தில் அது விவசாய நிலம் என்றுதான் எழுதியிருப்பார்கள். அப்படியானால் மேலே சொன்ன நில உபயோக மாற்றம்தான் வழி.

கல்குளம் பக்கத்து வாசகர் ஒருவரிடம் இருப்பது தாத்தா காலத்துப் பிரமாணம். மலையாளத்தில் எழுதியது, தேதி மலையாள ஆண்டு 1120. 1956 நவம்பர் 1-க்கு முன் இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்ததால் இது சகஜம். மலையாள ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 1120 என்றால் 1944-45. அதில் இருப்பது பழைய சர்வே எண். இன்றைய பட்டாவில் இருப்பது வேறு எண். பழைய எண்ணுக்கு இன்றைய எண் எது என்று காட்டும் சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கி, பிரமாணத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைச் சான்றொப்பத்தோடு இணைத்தால்தான் வங்கியும் மாநகராட்சியும் எடுத்துக்கொள்ளும். அசலைக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டாம், நகல் போதும். பரப்பு பழைய பிரமாணத்தில் ஒன்றும் பட்டாவில் வேறொன்றுமாக இருந்தால், வரைபடம் போடும் முன்பே திருத்த மனு கொடுத்துவிட வேண்டும். ஜமாபந்தி நடக்கும் நாளில் நேரில் கொடுப்பது நல்லது. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளவும்.