முழுக் கறுப்பு பேஸ் கிட்டாரும் உங்க நுரையீரலும்

பேஸ் கிட்டாரை மொத்தமா கறுப்பாக்கணும்னு ஆசையா? தாராளமா பண்ணுங்க, எனக்கும் அந்த லுக் பிடிக்கும். ஆனா ஒரு வேலையை மட்டும் வீட்ல வச்சு செய்யாதீங்க: டூ-கே கிளியர் கோட் ஸ்ப்ரே. ஒரு டாக்டரா ஏன்னு சொல்றேன்.

ஃபெண்டர் பிரெசிஷன் பேஸை எடுத்துக்கோங்க. பிக்கார்டு, பிரிட்ஜ், நாலு டியூனர், நாப், ஸ்க்ரூ, எல்லாத்துக்கும் கறுப்பு கிடைக்கும். ஸ்க்ரூ டிரைவர் இருந்தா போதும். வாங்குறதுக்கு முன்னாடி டியூனர் துளையோட அளவையும் பிரிட்ஜ் ஸ்க்ரூ இடைவெளியையும் அளந்துக்கோங்க. ரோஜர் வாட்டர்ஸோட பிரபலமான பிரெசிஷன்ல பாடியும் பிக்கார்டும் கறுப்பு, நெக் மட்டும் வெளிர் மேப்பிள். அதுவே மிரட்டலாத்தான் இருக்கு!

ஸ்ட்ரிங்ஸும் கறுப்புல வேணும்னா கறுப்பு நைலான் சுத்தினது இருக்கு, ரோட்டோசவுண்ட் ட்ரூ பேஸ் 88 மாதிரி. சவுண்ட் கொஞ்சம் மிருதுவாகும். கவரிங் கம்மல் போட்டா காது அரிக்கிற ஆளா நீங்க? நிக்கல் அலர்ஜியா இருக்கலாம். அப்போ விரலுக்கு இந்த நைலான் நல்லதுதான்.

பிரச்சினை பாடி பெயிண்ட்லதான். கார் பெயிண்ட் மாதிரி கெட்டியா, பளபளன்னு வர்றதுக்கு பாலியூரித்தேன்ல ஹார்டனர் கலப்பாங்க. அதுல இருக்கறது ஐசோசயனேட். ஹார்டனரை உள்ளேயே வச்ச ஸ்ப்ரே கேனும் வருது. பெயிண்டர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வர முக்கியக் காரணங்கள்ல இது ஒண்ணு.

இதுல மோசமான விஷயம், உடம்பு ஒருமுறை இதை எதிரியா பதிவு பண்ணிட்டா, அப்புறம் ரொம்பக் கம்மி அளவுக்கே மூச்சு இறுக்கும். தோல்ல பட்டுக்கூட அந்தப் பதிவு நடக்கலாம். வாசனையை நம்பவும் முடியாது, மூக்குக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அளவு மீறியிருக்கும்.

"என்95 போட்டுக்கறேன் டாக்டர்"னு சொல்வீங்க. மரத்தைத் தேய்க்கிறப்போ வர்ற தூசிக்கு அது சரி. ஆவியை அது தடுக்காது. இதுக்கு வேண்டியது வெளியிலிருந்து சுத்தமான காத்து வர்ற மாஸ்க், ஸ்ப்ரே பூத். மொட்டை மாடி பூத் ஆகாது. பால்கனியும்தான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் நுரையீரல் இருக்கு.

என் கருத்து: பார்ட்ஸை நீங்க மாத்துங்க. நெக்கைக் கழட்டி, பாடியை மட்டும் பூத் வச்சிருக்கற டிங்கரிங்-பெயிண்டிங் பட்டறையில கொடுங்க. இல்ல, கறுப்பு வினைல் ஒட்டிடுங்க. ஆஸ்துமா இருக்கறவங்க அந்த பூத் பக்கமே நிக்காதீங்க.

ஏற்கனவே வீட்ல அடிச்சிட்டீங்களா? அன்னிக்கு ராத்திரியோ அதுக்கப்புறமோ இருமல், நெஞ்சு இறுக்கம், வீசிங் வந்தா டாக்டரைப் பாருங்க. மூச்சு ரொம்பத் திணறினா நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. போறப்போ அந்தக் கேனை போட்டோ எடுத்துட்டுப் போய் காட்டுங்க. கிட்டார் வாசிக்கிறவர்கிட்ட "பெயிண்ட் அடிச்சீங்களா"ன்னு எங்களுக்குக் கேட்கத் தோணாது.