குடிக்காதவருக்கும் கணைய நோய் வரும்!

கொருக்குப்பேட்டை, உழைப்பாளிகள் நிறைந்த பகுதி. அங்கே ஒரு வாலிபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால், அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி என்ன?

"நேற்றுக் குடித்தானா?" என்பதுதான்!

குடி கணையத்தைக் கெடுக்கும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால், கணையம் கெட்டவர் எல்லோரும் குடிகாரர் என்று முடிவு கட்டுவது பெரும் தவறு.

காவல்காரன்

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு, கணையம். சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீர் அங்கே சுரக்கிறது. அந்த நீர், குடலுக்கு வந்த பிறகுதான் வேலை செய்ய வேண்டும். முன்னதாகவே தொடங்கிவிட்டால் கணையத்தையே அரித்துவிடும். அதைத் தடுக்க உடம்பில் ஒரு காவல் உண்டு. அந்தக் காவலை உண்டாக்கும் மரபணுவின் பெயர் 'ஸ்பிங்க்-1'.

சிலருக்கு அந்த மரபணுவில் பிறவியிலேயே சிறு மாறுதல் இருக்கிறது. அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

கேரளத்தில் கண்டது

1960-களில் கேரளத்து டாக்டர் கீவர்கீஸ், இந்த நோய் கண்ட நூற்றுக்கணக்கானவர்களை ஆராய்ந்தார். பலர் ஏழைகள், இளவயதினர், குடியை அறியாதவர்கள்! முதலில் வலி, பிறகு கணையத்தில் கல், அதன்பின் சர்க்கரை நோய் என்று அவர்கள் அவதிப்பட்டார்கள். தமிழ்நாட்டிலும் இந்த நோய் உண்டு.

மரவள்ளிக்கிழங்கின்மேல் பழி விழுந்தது. அது நிரூபிக்கப்படவில்லை. 2002-ம் ஆண்டில் ஐதராபாத் விஞ்ஞானிகள், நோயாளிகளிடம் 'ஸ்பிங்க்-1' மாறுதல் மிக அதிகமாக இருப்பதைக் கண்டார்கள்.

தலைவிதி அல்ல

அப்படியானால், மாறுதல் இருந்தால் நோய் நிச்சயமா? இல்லை! அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் நோய் இன்றியே வாழ்கிறார்கள். எனவே, "பரம்பரை நோய்க் குடும்பம்" என்று சொல்லி, நோயாளியின் தங்கைக்கு வந்த சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பது அநியாயம்.

விதை மட்டும் இருந்தால் பயிர் வளராது, தண்ணீரும் வேண்டும். குடியும் பீடியும் இந்த நோய்க்குத் தண்ணீர் வார்ப்பவை. வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், மற்றவர்கள் இரண்டையும் தொடவே கூடாது.

மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவுகிறதா? மலம் எண்ணெய்ப் பசையோடு போகிறதா? உடம்பு இளைக்கிறதா? உடனே டாக்டரிடம் போக வேண்டும். கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு அரசு ஸ்டான்லி ஆஸ்பத்திரி தொலைவில் இல்லை.

"குடித்தாயா?" என்று கேட்கும் வாய், இனிமேல் "டாக்டரைப் பார்த்தாயா?" என்று கேட்கட்டும்!