நினைவும் சாம்பலாகும் முன் எழுதுவோம்

எழுத்தாளராக அகத்தூண்டல் வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். எதற்காகக் காத்திருப்பது தோழர்களே? 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ சேரியின் பேச்சுமொழியிலேயே எழுந்து நின்றது. கே.ஏ.குணசேகரன் ‘வடு’வில் தன் இளமைக்காலச் சாதிக் காயங்களை எழுதினார். சுஜாதா கிட்லா நியூயார்க் சுரங்க ரயிலில் நடத்துநராக வேலை பார்த்துக்கொண்டே, தாயிடமும் தாய்மாமனிடமும் கேட்டறிந்த குடும்ப வரலாற்றை 2017இல் நூலாக்கினார்.

ஆதிக்கச் சாதிகளுக்காகச் செப்பேடும் பட்டாவும் பேசும். நமக்கு? 2012 நவம்பர் 7 அன்று நம் தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிக்கப்பட்டபோது வீடுகளோடு சான்றிதழ்களும் சாம்பலாயின. மிச்சமிருப்பது பெரியவர்களின் நினைவு. அதுவும் அவர்களோடு போய்விட்டால், எரித்தவர்கள் சொல்வதே வரலாறாகிவிடும்.

காரிமங்கலத்திலிருந்து சொல்கிறோம்: பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அப்பாவிடமும், கூலிக்குக் கேழ்வரகு வாங்கிய ஆயாவிடமும் இன்றே கேளுங்கள். எந்த ஆண்டு, யார் நிலம், என்ன கூலி என்று குறித்துவையுங்கள். சொல்லத் தயங்குவதையும் பொறுமையாகக் கேளுங்கள். அவமானம் இழைத்தவர்களுடையது, நம்முடையதல்ல.

அழகான நடை பிறகு வரட்டும். முதலில் சாட்சியம்.

ஜெய் பீம்!