அஞ்சலகச் சாலைத் திடல்

ரக்பி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அணிக்கு ஏழு பேர் ஆடும் சிங்கப்பூர் செவன்ஸ் போட்டிதான். அந்தக் குடும்பத்தில் பாகம் பிரித்துக்கொண்டு போன பங்காளி ஒருவர் உண்டு. அவர் பெயர் ரக்பி லீக். அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடுபவரை ஆறாவது முறையும் மடக்கி வீழ்த்திவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

பாகப்பிரிவினைக்குக் காரணம் கூலி. வட இங்கிலாந்து ஆட்டக்காரர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள். சனிக்கிழமை ஆடப்போனால் அன்றைய சம்பளம் போச்சு. அதற்கு ஈடு தரக்கூடாது என்றது ரக்பி சங்கம். 1895 ஆகஸ்ட் 29ஆம் தேதி ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் குழுக்கள் தனிக்குடித்தனம் போயின.

இந்த ஆட்டம் யாருடையது என்று தெரிய மேற்கு யார்க்‌ஷரில் உள்ள ஃபெதர்ஸ்டோனைப் பார்த்தால் போதும். நிலக்கரி ஊர். 1893ல் கூலிக் குறைப்பை ஏற்காத தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்த சுரங்கம் இங்கேதான் இருந்தது. கூடிய கூட்டத்தின்மீது ராணுவம் சுட்டதில் இருவர் இறந்தனர்.

ஊரின் திடலுக்கு அது இருக்கும் தெருவின் பெயரே பெயர்: போஸ்ட் ஆஃபிஸ் ரோடு, அதாவது அஞ்சலகச் சாலை. விளம்பரதாரர்களின் பெயர்கள் பலகையில் ஏறும், இறங்கும். ஊரார் வாயில் மாறுவதில்லை. பெரிய அரங்குகளைப் போல நெடுஞ்சாலை ஓரத்தில், கார் நிறுத்துமிடத்துக்கு நடுவே தனித்து நிற்கும் திடல் அல்ல. வாயிலே குடியிருப்புத் தெருவில்தான். விதிப்படி ரக்பி லீக் ஆடுகளம் அதிகபட்சம் 100 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். இரு முனையிலும் ‘எச்’ வடிவக் கம்பங்கள். மற்றதெல்லாம் அந்தந்த ஊரின் வசதி.

1902ல் தொடங்கிய ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸ் குழுவுக்கு ஆட்டக்காரர் வேண்டுமானால் சுரங்க வாயிலில் நின்று கூப்பிட்டால் போதும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். 1959 மார்ச்சில் செயின்ட் ஹெலன்ஸ் குழுவோடு நடந்த கோப்பை ஆட்டத்துக்கு இந்தத் திடலில் கூடியவர்கள் 17,531 பேர். 2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகையே சுமார் 15,000தான்! சேலஞ்ச் கோப்பையை மூன்று முறை வென்றார்கள்: 1967, 1973, 1983. கடைசி வெற்றியில் வெம்பிளியில் ஹல் குழுவை 14-12 என்று வீழ்த்தினார்கள். அப்போது ஹல் பெரிய குழு. இவர்கள் ஜெயிப்பார்கள் என்று நினைத்தவர்கள் குறைவு.

அடுத்த ஆண்டே சுரங்கத் தொழிலாளர்களின் மாபெரும் வேலைநிறுத்தம். அது தோற்றது. 1985ல் ஆக்டன் ஹால் சுரங்கம் மூடப்பட்டது.

பத்தாண்டு கழித்து இன்னொரு சோதனை. 1995ல் ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் சூப்பர் லீக் தொடங்க முதலில் 77 மில்லியன் பவுண்டும், பிறகு 87 மில்லியன் பவுண்டும் தர முன்வந்தது. நிபந்தனைபோல ஒரு யோசனையும் வந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்களான காசில்ஃபோர்ட், வேக்ஃபீல்ட், ஃபெதர்ஸ்டோன் குழுக்கள் மூன்றும் கால்டர் என்ற ஒரே குழுவாக வேண்டும்.

கணக்குப் பிள்ளை கண்ணுக்கு அது நல்ல யோசனைதான். முதலில் படித்தபோது எனக்கும், இணைந்தால் என்ன குறைந்துவிடும் என்றுதான் தோன்றியது. ஆனால் சுரங்கம் மூடிப் பத்தே ஆண்டு ஆன ஊரில் போய், சனி ஞாயிறு கூடும் இடத்தையும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டால் எப்படி இருக்கும்? ரசிகர்கள் எதிர்த்தார்கள். இணைப்பு கைவிடப்பட்டது. அந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருந்ததாகவே இப்போது நினைக்கிறேன்.

விலை இல்லாமல் இல்லை. 1996ல் சூப்பர் லீக் தொடங்கியபோது காசில்ஃபோர்ட் இருந்தது, ஃபெதர்ஸ்டோன் இல்லை. பெரிய குழுக்களுக்குப் புது அரங்கங்கள் எழும்பிய காலத்தில், இவர்கள் கண்டுபிடித்த வழி வேறு. ஸ்கார்பரோ என்ற கடலோர ஊரின் காற்பந்துக் குழு 2007ல் கடனில் மூழ்கிக் கலைந்தது. ஆளில்லாமல் கிடந்த அதன் திடலிலிருந்து பார்வையாளர் மேடைகளை விலைக்கு வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, அஞ்சலகச் சாலையில் நிறுத்தினார்கள்.