மலை மிதிவண்டியும் இருபது கிலோவும்

புக்கிட் தீமாவின் உயரம் 163 மீட்டர். சிங்கப்பூரில் அதைவிட உயரமான குன்று கிடையாது. இருந்தும் மலை மிதிவண்டி என்றால் நம் மாணவர்களுக்குத் தனி மோகம். நடுப்பகுதியில் மோட்டார் பொருத்திய மின் மிதிவண்டிகள் மலிவாக வரத் தொடங்கியதும், துணைப்பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தோடு நானும் ஜொகூர் பாருவுக்குக் கிளம்பினேன்.

கடைக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். சக்கரத்துக்குள் மோட்டார் இருந்தால் அதற்குக் கியரின் உதவி கிடைக்காது, ஏற்றத்தில் திணறும். மிதிகள் சுழலும் அச்சில் உள்ள மோட்டாரோ நம் காலைப் போலவே சங்கிலியை இழுக்கிறது. சிறிய கியருக்கு மாற்றினால் இழுவிசை பெருகும். மூச்சு வாங்காமல் மேலே போய்விட்டேன். உண்மையைச் சொன்னால், மயங்கிவிட்டேன்.

மயக்கம் தெளிந்தது தராசில். 24 கிலோ!

சிங்கப்பூரில் மின் மிதிவண்டியின் எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது. மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உந்துதல் நின்றுவிட வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முத்திரையும் பதிவும் வேண்டும். 2022 முதல் ஓட்டுநருக்குத் தேர்வும் உண்டு. ஐரோப்பாவில் வாட்டுக்கும் வேகத்துக்கும் இதே வரம்புகள்தாம், எடைக்கு மட்டும் வரம்பில்லை. நமக்கு மட்டும் ஏன் என்று நானும் முணுமுணுத்ததுண்டு. புளோக்கில் மின்தூக்கி பழுதான அன்று சாதாரண மிதிவண்டியை ஒன்பது மாடி தூக்கிச் சென்றபின் முணுமுணுப்பு குறைந்தது.

அந்த 24 கிலோ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள் நண்பர்களே. கனத்த முன்பக்க அதிர்வுதாங்கி, தடித்த டயர்கள், மலிவான இரும்புப் பாகங்கள். 'மலை' என்ற தோற்றத்துக்காகச் சேர்த்த சுமை இது. தேவையானவற்றில்தான் சிக்கனம் செய்திருந்தார்கள். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பதை உணரும் கருவி அதில் இல்லை; மிதி சுற்றினாலே மோட்டார் பாய்கிறது. கூட்டமான பாதையில் இது ஆபத்து. காலும் மோட்டாரும் சேர்ந்து இழுப்பதால் சீக்கிரம் தேயக்கூடிய சங்கிலியும் தரம் குறைந்ததுதான். மின்கலன் 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி, அதாவது 504 வாட்-மணி. மோட்டார் முழு 250 வாட்டில் இழுத்தால் இரண்டு மணி நேரம். அட்டையிலோ நூறு கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

நடு மோட்டார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் மேடுபள்ளச் சாலைகளுக்கு அதுவே பொருத்தம். அதிர்வுதாங்கி இல்லாத, 20 கிலோவுக்கு உட்பட்ட வண்டியாகத் தேடுங்கள். இங்குள்ள மாணவர்களுக்கு மின் மிதிவண்டி விற்க விரும்பும் கடைக்காரர்கள், விலைக்குப் பக்கத்திலேயே எடையையும் அதே அளவு எழுத்தில் போடட்டும்.