பஞ்சு மிட்டாய்க்குத் தடை, சாயப்பொடிக்கு?

2024 பிப்ரவரி 17-ந் தேதி தமிழ்நாடு சர்க்கார் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. அதற்குச் சில நாள் முன்பு புதுச்சேரியிலும் தடை வந்தது. சோதனைக்கு எடுத்த மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததே காரணம்.

இந்தத் தடையை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். ரோடமின்-பி என்பது துணிக்கும் காகிதத்துக்கும் ஊதுவத்திக்கும் நிறமேற்றும் பொடி. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் சாயப்பட்டறைத் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். சாயம் கையில் ஏறினால் எத்தனை கழுவினாலும் எளிதில் போகாது என்பார். இப்படிப்பட்ட பொருள் குழந்தையின் வயிற்றுக்குள் போகலாமா? ஈரலும் சிறுநீரகமும் கெடும், தொடர்ந்து தின்றால் புற்றுநோய் அபாயமும் உண்டு என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

சேலம் ஆடிப் பண்டிகையிலும் திருச்செங்கோட்டுத் தேரிலும் ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் கையிலிருக்கும் காசுக்குப் பிள்ளைக்கு வாங்கித் தரக்கூடிய பண்டம் இதுதான். மலிவான பண்டத்தில் கலந்த விஷம் ஏழைக் குழந்தையைத்தான் முதலில் தொடும். ஆகவே இந்தச் சட்டம் வேறு யாரைவிடவும் உழைப்பாளி மக்களுக்குத் தேவை. சிறு வியாபாரிக்காகச் சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று பேசுவோர் இதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் சட்டத்தின் சுமை யார் தலையில் இறங்கியது?

கழியில் பொட்டலங்களைத் தொங்கவிட்டு, மணியடித்துத் தெருத்தெருவாக நடப்பவர் தலையில். ஒரு நாள் சரக்கைப் பறிகொடுத்தால், மறுநாள் சர்க்கரை வாங்க அவரிடம் முதல் இல்லை. இவர்களில் பலர் வடமாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வெளியூரான் விஷம் விற்கிறான் என்று அவர்கள்மேல் பாய்வது அநியாயம். ரோஸ் கலர் என்று கடையில் கேட்டார், கொடுத்ததை வாங்கினார். அது உணவு நிறமா, துணிச் சாயமா என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

பொடியைக் கொடுத்தவர் எங்கே? 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவைச் செய்பவரையும் விற்பவரையும் பிடிக்கிறது. சாய வியாபாரி உணவு வியாபாரி அல்ல. தொழிற்சாலைச் சாயம் விற்பது குற்றமும் அல்ல. மூட்டையாக வரும் பொடி சில்லறையாகப் பிரிந்து மிட்டாய் மிஷினுக்குப் போகும் வழி திறந்தே கிடக்கிறது. வேரை விட்டு இலையைக் கிள்ளுவதால் என்ன பயன்? அடுத்த மாதமே, கர்நாடக சர்க்கார் பஞ்சு மிட்டாயோடு கோபி மஞ்சூரியனில் சேர்க்கும் செயற்கை நிறத்தையும் தடை செய்ய நேர்ந்தது. பண்டம் மாறுகிறது, பொடி விற்பனை நிற்கவில்லை.

சிறியவர்களை நினைத்துச் சட்டம் செய்ய முடியாதா? முடியும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையை மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியபோது, பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும், தஞ்சாவூர்ப் பொம்மை போன்ற புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்குத் தந்தது. மிட்டாய்க்காரருக்கு நாம் விலக்குக் கேட்கவில்லை. விஷத்துக்கு விலக்குக் கிடையாது. நாம் கேட்பது நேர்மையாகப் பிழைக்க ஒரு வழி.

ஒன்று: சாயப்பொடியைச் சில்லறையாக விற்போர் யாருக்கு, எதற்கு விற்றார்கள் என்று கணக்கு வைக்க வேண்டும். 'உணவில் சேர்க்காதே' என்று பொட்டலத்தின் மேல் தமிழிலும் இந்தியிலும் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும்.

இரண்டு: சட்டம் அனுமதித்த உணவு நிறத்தைச் சிறு பொட்டலங்களாகக் கூட்டுறவுப் பண்டகசாலைகளில் அடக்க விலைக்கு விற்க வேண்டும்.

மூன்று: சேலத்தில் சர்க்காரின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. சிறு வியாபாரி கொண்டுவரும் மாதிரியை அங்கே இலவசமாகச் சோதித்துச் சான்று தர வேண்டும். அதிகாரிகள் திருவிழா நடக்கும்போது பறிமுதல் செய்ய வருவதைவிட, அதற்கு ஒரு வாரம் முன்பே சோதிக்க வரட்டும்.

நான்கு: சரக்கைப் பறித்தால் ரசீது கொடுக்க வேண்டும். அறியாமல் செய்தவருக்கு முதலில் பயிற்சி தர வேண்டும்; தொழில் இழந்தவருக்கு வங்கிக் கடன் கிடைக்கச் செய்ய வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாமும் கைகட்டி இருக்க வேண்டாம். நிறம் சேராத பஞ்சு மிட்டாய் வெறும் சர்க்கரைதான். பெற்றோர் வெள்ளையைக் கேட்டு வாங்கினால், வியாபாரியும் வெள்ளையையே சுற்றுவார். எது துணிச் சாயம் என்று பட்டறைத் தொழிலாளிக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் மிட்டாய் சுற்றுபவரிடம் அதைச் சொல்ல எந்த அதிகாரியின் உத்தரவும் தேவையில்லை.